அரிசிப் பையில் இருந்த வள்ளிக்கண்ணு

தம்பி,

நேற்று சாயங்காலம் நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபத்தில் வைத்தேன் என்று நினைத்திருப்பாய். பேச்சில் சொன்னால் பாதியிலேயே நீ குறுக்கிடுவாய், நான் குரலை உயர்த்துவேன், கடைசியில் இரண்டு பேரும் சாப்பிட்டாயா, துபாயில் வெயில் எப்படி என்று பேசி முடித்துவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன். முப்பது வருஷம் தாலுகா ஆபீசில் அடுத்தவர்களுடைய மனுக்களை வாசித்துக் குறிப்பு எழுதியவள் நான். எனக்காக உட்கார்ந்து எழுதுவது இதுதான் முதல் தடவை. நிதானமாகப் படி. முடிக்கும்வரை உன் மாமனாருக்கு ஒன்றும் சொல்லிவிடாதே.

"ஒரு வார்த்தை சாரி சொல்லிட்டா முடிஞ்சு போயிரும்மா. எனக்காகச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டாய். உன் மாமனாரின் நிபந்தனையும் அதுதான் என்று தெரியும். அரிசி வியாபாரம் செய்யும் பெரியகடைக்காரர் வீட்டுக்குப் போய் நான் வருத்தம் தெரிவித்தால்தான் கல்யாணம், இல்லையென்றால் யோசிக்க வேண்டியிருக்கும் என்று ஜெகதாப்பட்டினத்தில் தன் ஐஸ் பிளாண்டில் உட்கார்ந்துகொண்டு எனக்கே சொல்லி அனுப்பினார். அந்த வீட்டார் கட்டிய புது மண்டபத்தில் முதல் கல்யாணம் உன்னுடையதாக இருந்திருக்க வேண்டும். திறப்பு விழா அன்று வாசலுக்கு எதிரே நான் ஃப்ளெக்ஸ் போர்டு வைத்தேன். மறுநாளே மண்டபம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தெரியாததை இப்போது சொல்கிறேன்.

அந்த வீட்டு அரிசிப் பையை நீ சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்திருக்கிறாய். பையில் ஒரு பழைய போட்டோ அச்சடித்திருக்கும். தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் அண்டாவிலிருந்து அகப்பையால் கஞ்சி ஊற்றுவார். முன்னால் ஒரு சின்னப் பெண் சிரட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நிற்பாள். 'பஞ்சத்தில் ஊருக்குச் சோறு போட்ட குடும்பம்' என்று கீழே எழுதியிருக்கும். காலண்டரில் அந்தப் படம், பஸ்ஸின் பின்னால் அந்தப் படம், புது மண்டபத்தின் நுழைவில் ஆள் உயரத்துக்கு மேல் அதே படம். அந்தப் பெண்ணின் பெயர் வள்ளிக்கண்ணு. உன் தாத்தாவின் தங்கை. எனக்கு அத்தை. அந்தப் படம் எடுத்த நாலாம் நாள் செத்துப்போனாள். அப்போது அவளுக்கு வயது ஐந்து.

யுத்த காலத்தில் பர்மா அரிசி வருவது நின்றுபோனபோது புதுக்கோட்டை டவுனில் இருந்த கூலிக்காரர்கள்தான் முதலில் பட்டினி கிடந்தார்கள். கிராமத்தில் இருந்தவர்களுக்கு வரகோ கேப்பையோ ஏதோ ஒன்று இருந்தது. டவுனில் இருந்தவர்களுக்குக் கடையை விட்டால் கதி கிடையாது. உன் தாத்தாவின் அப்பா ரங்கூனுக்குப் போனவர் போனவர்தான். அம்மா நெல் குத்தி இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தாள். குத்துவதற்கு நெல்லே இல்லாமல் போனதும் பிள்ளைகள் கடைவீதியில் வரிசையில் நின்றார்கள். உன் தாத்தாவுக்கு ஒன்பது வயது. விடிவதற்குமுன் போய் நின்றால் உச்சி வெயிலில் 'அரிசி இல்லை' என்று பலகை மாட்டுவார்கள். அப்படி ஒரு நாள் பலகை மாட்டிய பிறகும் கூட்டம் கலையாமல் நின்றபோது பெரியகடைக்காரர் வெளியே வந்து எல்லோருக்கும் கஞ்சி உண்டு என்றாராம். கேமராக்காரர் ஒருவர் மூன்று கால் வைத்த பெட்டியை நிறுத்தி ஆட்களை ஒழுங்குபடுத்தினாராம். சின்னப் பிள்ளைகள் முன்னால் வரட்டும் என்று சொல்லி வள்ளிக்கண்ணுவை முன்னால் நிறுத்தினார்களாம். கஞ்சி ஊற்றினார்கள். படம் எடுத்தார்கள். அந்தப் படம் அதிகாரிகளுக்குப் போக வேண்டியது. தானம் பண்ணுகிற மனுஷன் சரக்கைப் பதுக்கியிருக்க மாட்டான் என்று நம்ப வைப்பதற்கு.

"படம் எடுத்து முடிச்ச ஒடனே ஊத்துன கஞ்சியத் திருப்பி வாங்கிட்டானுக ஆத்தா" என்று உன் தாத்தா என்னிடம் சொல்லியிருக்கிறார். "அது வண்டி மாட்டுக்குக் காச்சுன கஞ்சி. ரெண்டு ஆளு அண்டாவத் தூக்கிட்டு வந்தான். எல்லாரு ஏனத்துல இருந்தும் கொட்டிக்கிட்டான். எம் பங்க நான் குடுத்துட்டேன். பயம். பாப்பா குடுக்கல. செரட்டைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. புடுங்குனதுல செரட்டை ஒடைஞ்சு போச்சு." இதைச் சொல்லும்போது அவர் அழ மாட்டார். சொல்லி முடித்ததும் கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நிற்பார். அந்த அரிசிப் பை எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. கல்யாண வீடுகளில் அந்தப் பைகள் அடுக்கியிருப்பதைப் பார்த்தால் சாப்பிடாமல் எழுந்து வந்துவிடுவார். ஊர்க்காரர்கள் அவரை வீம்பு பிடித்த ஆள் என்றார்கள். நானும் சில நேரம் அப்படித்தான் நினைத்தேன்.

என் முதல் தப்பை இங்கே சொல்லிவிடுகிறேன். நீ பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தாய். அந்த வீட்டார் அறக்கட்டளையிலிருந்து பரிசு என்று கடிதம் வந்தது. மேல்படிப்புக்கும் உதவி செய்வார்கள் என்று போட்டிருந்தது. உன் அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் யோசிக்கவே இல்லை. உனக்குப் புதுச்சட்டை எடுத்தேன். மேடையில் அந்தப் படத்துக்குக் கீழே நீ நின்றாய். "காலைத் தொட்டுக் கும்பிடுப்பா" என்று முன்வரிசையிலிருந்து நான்தான் சைகை காட்டினேன். நீ குனிந்து அந்த வீட்டுக் கிழவரின் காலைத் தொட்டாய். வீட்டுக்கு வந்தால் உன் தாத்தா பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "பேரனக் குனிய வச்சுட்டியே" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு என்னிடம் அதிகம் பேசவில்லை. மறு வருஷம் போய்விட்டார். கடைசியாக ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, "அந்தப் பையில இருந்து பாப்பாவ எறக்கிரு" என்றார். உன்னிடம் இதையெல்லாம் சொன்னதில்லை. உன் படிப்பு முடியட்டும் என்று நினைத்தேன். எனக்குப் பயமாக இருந்தது என்பதுதான் நிஜம். அவர்கள் கை எங்கெல்லாம் நீளும் என்று ஆபீசில் இருந்த எனக்கு நன்றாகத் தெரியும்.

மணமேல்குடிக்கு மாற்றலாகிப் போயிருந்த காலத்தில் ஒரு பெண் வாரிசுச் சான்றிதழுக்காக வந்தாள். ஜெயராணி என்று பெயர். மனுவில் தாத்தாவின் தொழில் என்ற இடத்தில் போட்டோகிராபர் என்று எழுதியிருந்தாள். எந்த ஊரில் என்று கேட்டேன். "புதுக்கோட்டையிலதாங்க. அந்தக் காலத்துல பெட்டிக் கேமரா வச்சிருந்தாரு. அவரு எடுத்த கண்ணாடித் தகடெல்லாம் இன்னும் எங்க பரண்ல கெடக்குங்க. எடைக்குப் போடவும் மனசு வரல" என்றாள். அவளுடைய சான்றிதழை முறைப்படிதான் கொடுத்தேன். ஒரு நாள்கூட முந்தவில்லை, பிந்தவில்லை. கொடுத்து முடித்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். இரண்டு பேரும் சேர்ந்து பெட்டிகளை இறக்கினோம். ஒவ்வொரு தகடும் ஒரு காகித உறையில் இருந்தது. உறையின் மேல் பென்சிலால் குறிப்பு. மூன்றாவது பெட்டியில் 'பெரியகடை, கஞ்சி' என்று ஒரு உறை இருந்தது. அதற்கு அடுத்த உறையில், 'அதே நாள். பின்னால் எடுத்தது. கொடுக்கவில்லை' என்று எழுதியிருந்தது.

ஜன்னல் வெளிச்சத்தில் அந்தத் தகட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். உன் தாத்தா சொன்னது ஒவ்வொன்றும் அதில் இருந்தது. கதவு மேல் 'அரிசி இல்லை' பலகை. வரிசை சந்து முனை வரைக்கும் போகிறது. சந்துப் பக்கத்துக் கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே மாட்டுவண்டியில் மூட்டை அடுக்குகிறார்கள். முன்னால் இரண்டு ஆட்கள் அண்டாவோடு நிற்கிறார்கள், ஒரு பெண் குனிந்து தன் சட்டியைக் கவிழ்க்கிறாள். ஓரத்தில் வள்ளிக்கண்ணு. ஒருவன் அவள் சிரட்டையைப் பிடித்து இழுக்கிறான். அவள் இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள். அவள் பின்னால் ஒரு பையன் வாயைத் திறந்து நிற்கிறான், உன் தாத்தா. அந்த போட்டோகிராபர் ஏன் இதை எடுத்தார், எடுத்ததை ஏன் யாருக்கும் காட்டாமல் பத்திரப்படுத்தினார் என்று ஜெயராணிக்கும் தெரியவில்லை. "நீங்களே வச்சுக்கங்கக்கா. ஒங்க வீட்டு ஆளுங்கதானே" என்று உறையோடு கொடுத்தாள். நான் கேட்டதற்காக, எப்படிக் கிடைத்தது, யாரிடம் இருந்தது என்று தன் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். ஆபீஸ் புத்தி.

அதற்குப் பிறகு அதைப் பீரோவில் பூட்டி வைத்தேன், பல வருஷம். உன் படிப்பு, உன் வேலை, என் ரிட்டயர்மென்ட் என்று ஒவ்வொன்றாகக் காரணம் சொல்லிக்கொண்டேன். ரேவதி வீட்டில் சம்பந்தம் பேசி, அவள் அப்பா பெரியகடைக்காரர் வீட்டுப் புது மண்டபத்தைப் பிடித்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்ன அன்று நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். காரணத்தையும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அம்மா என்றால் திறப்பு விழாவில் முன்வரிசை நாற்காலி கிடைக்கும் என்று என் மனது கணக்குப் போட்டுவிட்டது. உன் கல்யாணத்தை அதற்குப் பயன்படுத்திக்கொண்டேன். இது என் இரண்டாவது தப்பு. நீ என்னைத் திட்டுவதானால் இதற்காகத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் நேராக ஃப்ளெக்ஸ் வைத்துவிடவில்லை. விழாவுக்குப் பத்து நாள் முன்னால் தகட்டைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். இப்போது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது பெரியகடைக்காரரின் பேரன். மரியாதையாக உட்கார வைத்தார், காபி வந்தது. படத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கவிழ்த்து வைத்தார்.

"இப்ப என்னம்மா செய்யணுங்கறீங்க?"

"பையில இருந்து எங்க அத்தை படத்தை எடுத்துருங்க. மண்டபத்துல அந்தப் படத்துக்குப் பக்கத்துல இதையும் மாட்டுங்க. கீழ அவ பேரப் போடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

அவர் சிரித்தார். "அந்தக் காலத்துல யாருதான் என்ன பண்ணல? ஒரு ஒடைஞ்ச கண்ணாடிய வச்சுக்கிட்டு எங்க தாத்தா பேரக் கெடுப்பீங்களா? நம்ம மண்டபத்துல கல்யாணம் வச்சிருக்கவரோட சம்பந்தின்னு பொறுமையாப் பேசிக்கிட்டிருக்கேன். அந்தப் புள்ளைக்கு நாலு வாயி கஞ்சியாச்சும் கெடச்சிருக்கும்ல?"

கண்ணாடி உடையவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்தேன். காபியைத் தொடவில்லை. வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வரவில்லை தம்பி. ரொம்ப நாளைக்குப் பிறகு நல்ல பசி எடுத்தது. வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். அவர் மட்டும் அன்றைக்குச் சரி என்று தலையாட்டியிருந்தால் நான் ஏமாந்துபோயிருப்பேனோ என்றுகூட நினைத்தேன். என் மனது அந்த நிலையில்தான் இருந்தது. உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

நம் ஊரில் யார் செத்தாலும் மறுநாள் முச்சந்தியில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வைக்கிறார்கள். வள்ளிக்கண்ணுவுக்கு யாரும் வைக்கவில்லை. வைத்தால் என்ன என்று தோன்றியது. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கம்ப்யூட்டரில் டைப் பண்ணிக்கொண்டே, "எறந்த தேதி என்னம்மா போடணும்?" என்று கேட்டார்.

"தெரியாது."

"வயசு?"

"அஞ்சு."

கையை எடுத்துவிட்டார். "பேத்திங்களா?"

"அத்தை" என்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். இரண்டு படங்களையும் கொடுத்தேன். அரிசிப் பைப் படத்தை உடனே அடையாளம் கண்டுகொண்டார். இரண்டாவதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். கடைசியில், "பலகையில எழுதியிருக்கறது தெளிவாத் தெரியற மாதிரி அடிச்சுத் தாரேம்மா" என்றார்.

மண்டபத்துக்கு எதிரே டீக்கடைச் சுவர். கடைக்காரர் தன் இடத்தில் வைக்க எழுத்தில் சம்மதம் கொடுத்தார். நகராட்சியில் மனு கொடுத்தேன். போலீஸ் ஸ்டேஷனில் தெரிவித்தேன். கண்ணீர் அஞ்சலி, பதினாறு நாள் என்று அனுமதி வாங்கினேன். ஒரு காகிதம் குறையில்லை. விழா அன்று காலை ஆறு மணிக்குக் கட்டியாகிவிட்டது. இடப்பக்கம் அவர்கள் படம், வலப்பக்கம் நம் படம். 'கண்ணீர் அஞ்சலி. வள்ளிக்கண்ணு, வயது ஐந்து. இரண்டு படங்களும் ஒரே நாளில், ஒரே கடை வாசலில் எடுக்கப்பட்டவை. ஊற்றிய கஞ்சி திரும்ப வாங்கப்பட்டது. நாலாம் நாள் இறந்தாள். இவண், அண்ணன் மகள்.' அவ்வளவுதான் எழுதியிருந்தேன். ஒரு வசவு வார்த்தை கிடையாது.

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். காரில் வந்தவர்கள் இறங்கி எதிரே பார்த்தார்கள். நின்று வாசித்தார்கள். உள்ளே வந்து நுழைவில் இருந்த பெரிய படத்தையும் பார்த்தார்கள். கூட்டம் கூடக் கூட சத்தம் குறைந்துகொண்டே வந்தது. செல்போனில் படம் எடுத்தார்கள். யாரோ ஒரு அம்மா தன் மகளிடம், "அந்தப் பாப்பாதான்டி இந்தப் பாப்பா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. மேடையில் பேச வந்தவர்கள் பஞ்சம் என்ற வார்த்தையைத் தொடாமல் பேசிவிட்டு இறங்கினார்கள். அந்தப் பேரனின் முகம் கறுத்துப்போனது. அவருடைய வயதான அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த அம்மா என்ன பாவம் செய்தது என்று நீ கேட்பாய். ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் அவர் தலை குனிந்து போவதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மேடையில் நீ குனிந்தது ஞாபகம் வந்தது. அந்தச் சந்தோஷத்துக்காகப் பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டேன், கொஞ்சம்தான்.

எட்டாம் நாள் அந்தப் பேரன் திருக்கோகர்ணத்துக்கு, நம் வீட்டுக்கே வந்தார். வாசலிலேயே நின்றார். "போதும்மா, எறக்கிருங்க. கடையில வந்து சிரிக்கிறானுக. பஸ்ல போற பயலுககூட எட்டிப் பாத்துட்டுப் போறானுக" என்றார். அவள் பேரை ஒரு தடவை சொல்லுங்கள், இன்றைக்கே இறக்கிவிடுகிறேன் என்றேன். அவருக்குப் பேர் தெரியாமல் இல்லை. எட்டு நாளாக எதிரிலேயே தொங்குகிறது. வாயைத் திறந்தார், மூடினார். "நீங்க செய்யறது நல்லால்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆகவே பதினாறு நாளும் அது அங்கேயே இருந்தது. பதினாறாம் நாள் சாயங்காலம் நானே போய் அவிழ்த்து மடித்து எடுத்து வந்தேன். அடுத்த வாரம் மளிகைக் கடையில் பார்த்தேன். புதுப் பை வந்திருந்தது. நெற்கதிர் மட்டும் போட்டிருந்தது. கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தேன். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம், வேலை முடிந்துவிட்டது என்றேன்.

இவ்வளவுக்கும் பிறகுதான் உன் மாமனார் என்னை வருத்தம் தெரிவிக்கச் சொல்கிறார். மாட்டேன். உன் கல்யாணம் நின்றாலும் மாட்டேன் என்று எழுதுவதற்கு எனக்குக் கை கூசத்தான் செய்கிறது. ஆனால் எழுதிவிட்டேன்.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. முந்தாநாள் ரேவதி வந்திருந்தாள். வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு மணமேல்குடியிலிருந்து பஸ் ஏறித் தனியாக வந்தாள். என்னோடு சண்டை போட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். தண்ணீர்கூடக் குடிக்காமல், "அந்தத் தகட்டக் காட்டுங்க அத்தே" என்றாள். ஜன்னலில் பிடித்துக் காட்டினேன். தகட்டில் கறுப்பெல்லாம் வெள்ளையாகத் தெரியும் அல்லவா, செல்போனில் படம் எடுத்து அதை நேராக மாற்றிக்கொண்டாள். வள்ளிக்கண்ணுவின் கைகளைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "இந்தப் பாப்பா குடுக்க மாட்டேங்குதே" என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அங்கே இருந்தபடியே, என் முன்னாலேயே, அவள் அப்பாவைப் போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, நான் அத்தை வீட்டுலதான் இருக்கேன். இல்ல, அவுக யாருகிட்டயும் மன்னிப்புக் கேக்க மாட்டாக. நான்தான் கேக்க வேணாம்னு சொல்லியிருக்கேன். கல்யாணத்த நம்மூரு கோயில்ல வச்சுக்கலாம். கத்தாதீங்கப்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சு, வந்து பேசுறேன்."

உன்னிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். சொல்லாமல் இருக்கிறாள் என்றால் நீ என்ன நினைக்கிறாய் என்று முதலில் தெரிந்துகொள்ளப் பார்க்கிறாள். நேற்று என்னிடம் கேட்டதை அவளிடமும் கேட்டுவிடாதே. அவளுக்குப் போன் பண்ணி, கோயில்தான் என்று சொல்.

கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தை அடித்துவிட்டுக் கோயில் பெயரைப் போடச் சொல்லி இன்று காலை பிரஸ்ஸில் கொடுத்துவிட்டேன். வந்ததும் முதல் பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு எடுத்துக்கொண்டு பெரியகடைக்காரர் வீட்டுக்கு நானே போவேன். குடும்பத்தோடு வாருங்கள் என்று கூப்பிடுவேன். வந்தால் முதல் பந்தியில் உட்கார வைத்து அவர்கள் இலைக்கு நானே பரிமாறுவேன், ஊர் பார்க்கட்டும். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று ஊர் கேட்கும், அதற்கும் பதில் அவர்கள்தான் சொல்ல வேண்டும். எது நடந்தாலும் எனக்குத் திருப்திதான்.

லீவை உறுதி பண்ணிக்கொண்டு வா.

அம்மா